வீட்டுப் பக்கமாய் ஒரு பொய்

கிளீட்டஸுக்கு ஐம்பத்தெட்டு வயதில் முதல் பொன்னாடை கிடைத்தது. அதுவும் கரையிலிருந்து நூற்றிருபத்தைந்து கடல்மைல் தள்ளி, கடலடித் தரையைத் துளைக்க வந்த ஒரு கப்பலின் மேல்தளத்தில், ஒன்பது மணி வெயிலில். போர்த்திய மறு நிமிடமே முதுகில் வியர்வை ஓடத் தொடங்கியது. கழற்றலாமென்று பார்த்தால், வரிசையில் நின்ற மற்ற இருபத்தைந்து பேரில் ஒருவரும் கழற்றவில்லை. அவர்கள் முன்னால் நாம் மட்டும் தோற்பதா என்று கிளீட்டஸும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இருபத்தாறு பேரும் ஸ்ராங்குகள். ஆழ்கடல் மீன்பிடிப் படகை, அவர்கள் பேச்சில் போட்டை, ஓட்டுகிறவர்கள், வலையை எங்கே இறக்குவது என்று முடிவு செய்கிறவர்கள். போட்டில் அவர்களுக்கு மேலே மாதா மட்டும்தான். எல்லாரும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் மாதாத்துறை என்ற ஒரே ஊர்க்காரர்கள். 2071 பிறந்து ஊரில் என்னென்னவோ மாறிவிட்டது. டீசல் போய் பாட்டரியில் ஓடும் போட்டு வந்துவிட்டது, மீனை எண்ணிப் பெட்டியில் அடுக்க இயந்திரக் கை வந்துவிட்டது. ஆனால் ஸ்ராங்கின் தலைக்கனம் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

“இந்தக் குட்டித் தட்டைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது சேட்டிலைட் இல்ல. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான்!” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் டாக்டர் அங்கயற்கண்ணி. கப்பலின் தலைமை விஞ்ஞானி, மதுரைக்காரர். இருபது வயதுவரை கடலையே பார்க்காதவர், அப்புறம் கடலை விட்டு இறங்காதவர். “இவங்க தங்களோட மீன்பிடி பாயிண்டு அத்தனையும் நம்பிக் கொடுத்தாங்க. அதை வச்சுத்தான் இன்னிக்குப் பதினொன்றரை மணிக்கு ஊசி இறங்கப்போகுது.”

கைதட்டினார்கள். கிளீட்டஸ் நேராகப் பார்த்தபடி நின்றார். இடது பக்கம் திரும்பினால் வின்சலாஸ் முகத்தில் முழிக்கவேண்டி வரும்.

வின்சலாஸ் அவருக்குச் சம்பந்தி. கிளீட்டஸின் ஒரே மகள் ஷெர்லினை வின்சலாஸின் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது. இரண்டு வருடமாகச் சம்பந்திகளுக்குள் பேச்சு இல்லை. சம்பந்தியோடு இல்லாதது இருக்கட்டும், மகளோடும் இல்லை.

காரணம் ஒரு பார். கடலுக்கடியில் தரை மேடாக எழும்பி நிற்கும் இடத்தைப் பார் என்பார்கள், மீன் கூடும் இடம். முப்பது வருடமாகத் தனக்கு மட்டுமே தெரிந்தது என்று கிளீட்டஸ் நம்பியிருந்த பார் ஒன்று உண்டு. வேறெங்கும் வலை காய்ந்து வரும்போது மட்டும் அங்கே போவார். ஷெர்லின் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அங்கே போனால், நட்டநடுவில் வின்சலாஸின் போட்டு நின்றுகொண்டிருந்தது. பாயிண்டு, அதாவது அந்த இடத்தின் டிகிரி மினிட்டுக் கணக்கு, எழுதிய டயரி பீரோவில் இருந்தது. பீரோ சாவி இருக்குமிடம் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். மனைவி மேல் சந்தேகப்பட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆக, மகள்தான் புருஷன் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார். கேட்கவில்லை, திட்டவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டார். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போனார், சாப்பிடாமல் வந்தார். ஷெர்லின் தட்டோடு வாசல்வரை ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பொன்னாடைச் சடங்கு முடிந்ததும் கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம் என்றார்கள். கிளீட்டஸ் ஆடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் கடல் தரையின் படம், அதன் மேல் கலர் கலராக ஆயிரக்கணக்கில் புள்ளிகள்.

“இதுல எனக்க பாயிண்டு எதாக்கும் டாக்டரே?”

“மஞ்சள் எல்லாம் உங்களது அண்ணே. ஆளுக்கு ஒரு கலர்.”

“செரி. இந்தத் தட்டு தட்டுன்னு சொல்லுதியளே, அது என்ன? மேடையில சொன்னப்பம் வெயிலுல எனக்கு ஒண்ணும் காதுல ஏறல்ல.”

அங்கயற்கண்ணிக்கு இதைச் சொல்வதென்றால் அலுக்காது. “உங்க போட்டுல கீழ் அறையில ஐஸ் அடுக்குவீங்கள்ல? பெரிய பெரிய கட்டியா அடுக்கும்போது நடு இடுக்குல ஒரு உடைஞ்ச சில்லு மாட்டிக்கும். ரெண்டு பெரிய கட்டியும் அந்தச் சில்லு மேல சாய்ஞ்சு நிக்கும். பூமியோட மேல்தோலும் அப்படித்தான். பெரிய தட்டு ஏழெட்டு, நடுவுல குட்டித் தட்டு நிறைய. பாதிக்கு மேல கடலுக்கடியில கிடக்கறதால யாரும் கண்டுக்கிறதில்ல. நம்ம காலுக்குக் கீழ ஒண்ணு கிடக்கு, உங்க மாவட்டத்தைப் போல மூணு மடங்கு. ரெண்டு பெரிய தட்டு இது மேல சாய்ஞ்சிருக்கு. இன்னும் ஒன்பது நாள், மிஞ்சிப்போனா பத்து நாள். அப்புறம் இது வழுக்கும்.”

“வழுக்கினா?”

“ஐஸ் சரியும். முக்கால் மணி நேரத்துல உங்க ஊர்ல தண்ணி.”

கிளீட்டஸ் 2004 சுனாமிக்குப் பிறகு பிறந்தவர். ஆனாலும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரே தேதி பொறித்த கற்கள் எத்தனை வரிசை என்று அவருக்கு மனப்பாடம். வின்சலாஸின் வீடு கடல்சுவரை ஒட்டிய முதல் வரிசையில் இருந்தது. ஷெர்லின் கைக்குழந்தையோடு அங்கேதான் இருந்தாள்.

“அதுக்குத்தான் ஊசி” என்றார் டாக்டர். “இந்தத் தட்டோட விளிம்பு ஒரே ஒரு இடத்துல பத்த வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒட்டின இடத்தைச் சுத்தித் தரையிலேருந்து சூடு கசியும். சூடு கசிஞ்சா புழு பூச்சி சேரும், மீன் கூடும். கடல் பூரா ரோபோவை இறக்கிப் பார்க்க எங்களுக்கு நூறு வருசம் ஆகும். அந்த வேலையை உங்க பரம்பரை ஏற்கெனவே முடிச்சு வச்சிருக்கு. சரியான இடத்துல ஊசியை இறக்கி, வழவழன்னு ஒரு களிமண் குழம்பை உள்ள விட்டா, தட்டு ஒரு நாளைக்கு ஒரு நெல்மணி நீளம் நகரும். மூணு வருசத்துல கோபமெல்லாம் வடிஞ்சிடும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.”

“தப்பான இடத்துல இறக்கினா?”

“ஒன்பது நாள் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே வழுக்கும்.”

கிளீட்டஸ் பொன்னாடையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். “ஒரு பேச்சுக்குக் கேக்குதேன். ஒருத்தனுக்க பாயிண்டு கொஞ்சம் அங்கோட்டு இங்கோட்டு ஆயிப்போனா?”

டாக்டர் சிரித்தார். “ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் இருபத்தாறு பேர்கிட்ட வாங்கினோம். ஒருத்தர் கிழக்க தப்பினா இன்னொருத்தர் மேற்க தப்புவார். மொத்தமாப் போட்டா தப்பைத் தப்பே தின்னுடும்.”

கிளீட்டஸுக்கு மூச்சு திரும்பி வந்தது. ஏனென்றால் அவர் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பாயிண்டுகளில் ஒன்றுகூட உண்மை கிடையாது.

அவரைக் குற்றம் சொல்வதற்கு முன் மாதாத்துறையின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஸ்ராங்கு தன் பாயிண்டை ஒருவனுக்கும் நேராகச் சொல்லமாட்டான். அண்ணன் கேட்டாலும் சரி, மச்சினன் கேட்டாலும் சரி. போட்டு எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்க அரசாங்கம் பொருத்திய கருவியின் மேல், பாருக்குப் பக்கத்தில் போனதும் ஈரச் சாக்கைப் போர்த்தித் தகரத்தால் மூடிவிடுவான். கேட்டவனிடம் இல்லையென்று முகத்திலடிக்கவும் மாட்டான், மரியாதையில்லை. அழகாக, நம்பர் நம்பராக, தள்ளிச் சொல்லுவான். புது பாட்டரி தருகிறோம், பாயிண்டு தாருங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது கிளீட்டஸும் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு பாயிண்டையும் பதினொரு மினிட்டு, அதாவது பதினொரு கடல்மைல், தள்ளிக் கொடுத்தார். பாட்டரி நன்றாக ஓடுகிறது.

“நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அண்ணே” என்றார் டாக்டர். “இந்தக் கேள்வியை இன்னிக்குக் காலையில கேக்குற ஏழாவது ஆள் நீங்க.”

போன மூச்சு வந்த வேகத்திலேயே மறுபடியும் போனது.

கிளீட்டஸ் திரையைப் பார்த்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். எல்லாம் அருமையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“இதுல அதிசயம் என்னன்னா” டாக்டர் உற்சாகமாகிவிட்டார், “ஒரு புள்ளிகூட மேட்டு மேல இல்ல பாருங்க. எல்லாம் தட்டையான சேத்துல விழுது. சேத்துலயும் சூடு கசியும்னு உலகத்துல யாரும் சொன்னதில்ல. நான்தான் எழுதினேன். அந்தக் கட்டுரைக்குத்தான் இந்தக் கப்பலையே என் கையில கொடுத்தாங்க.”

சேற்றில் மீன் கிடக்குமென்று மாதாத்துறையில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லாது. கிளீட்டஸ் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தார்.

கப்பலின் சாப்பாட்டு அறையில் வின்சலாஸ் தனியாக உட்கார்ந்து புட்டை விரலால் கிளறிக்கொண்டிருந்தார், சாப்பிடுகிற மாதிரி தெரியவில்லை. கிளீட்டஸ் எதிரில் போய் உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு சம்பந்தியிடம் சொன்ன முதல் வார்த்தை இது:

“எத்தற மினிட்டு வே?”

“என்னது?”

“நடிக்காதிரும். எத்தற மினிட்டு தள்ளிக் குடுத்தீரு?”

வின்சலாஸ் அக்கம்பக்கம் பார்த்தார். “நீரு?”

“பதினொண்ணு.”

“நான் ஒம்போது” என்றார் வின்சலாஸ். “ஓமக்கத நேரா இருக்கும்னாக்கும் நான் நினைச்சேன். ஒருத்தனுக்கத தப்புனா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொன்னாவ.”

“எந்தப் பக்கம் தள்ளினீரு?”

இதை ஒரு ஸ்ராங்கு இன்னொரு ஸ்ராங்கிடம் கேட்க அவசியமே இல்லை. பொய்க்கும் மாதாத்துறையில் ஒரு நியாயம் உண்டு. ஏமாற்றலாம், ஆனால் ஏமாந்தவனை ஆழத்துக்கு விரட்டக் கூடாது. நீ சொன்ன இடத்தில் மீன் இல்லை என்று அவன் திட்டிக்கொண்டே திரும்பும்போது, பாட்டரி தீராமல் வீடு போய்ச் சேரவேண்டும். அதனால் எப்போது தள்ளிச் சொன்னாலும் கரை இருக்கிற திசையில்தான் தள்ளவேண்டும். அதாவது வடகிழக்கு.

“வீட்டுப் பக்கம்தான்” என்றார் வின்சலாஸ். “பின்ன எந்தப் பக்கம்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் கிழக்கே தப்பினால் இன்னொருத்தன் மேற்கே தப்பவேண்டும். மாதாத்துறையில் மேற்கே தப்புகிறவன் எவன்? இருபத்தாறு பேரும் ஒரே பக்கம், நாகரிகமாக, அன்போடு தப்பியிருக்கிறார்கள். தப்பைத் தின்ன அங்கே வேறு தப்பே இல்லை.

கடிகாரத்தில் பதினொன்றரை ஆக எட்டு நிமிடம் இருந்தது. கிளீட்டஸ் படிக்கட்டில் இரண்டு இரண்டாக ஏறினார். பொன்னாடை எங்கேயோ விழுந்துவிட்டது.

டாக்டர் அங்கயற்கண்ணி முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒலிபெருக்கியை எடுத்து, “ஊசியை நிறுத்துங்க. மேல தூக்குங்க” என்று மட்டும் சொன்னார். அப்புறம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப சேத்துல சூடு கசியறது?”

“சேத்துல சேறுதான் டாக்டரே.”

“உலகம் பூரா பாடமா வச்சிருக்காங்க அண்ணே.”

கிளீட்டஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. அதோடு, அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“ஏன் அண்ணே? அரசாங்கத்துக்கிட்டக் கூடவா பொய் சொல்லுவீங்க?”

“அரசாங்கத்துக்கிட்டத்தான் மொதல்ல சொல்லுவோம்” என்றார் கிளீட்டஸ். “ஆனா இது இந்த மாதிரிக் காரியம்னு யாரும் சொல்லல்ல. ஃபாரத்துல ‘மீன்வள மேம்பாடு’ன்னாக்கும் போட்டிருந்திச்சு.”

“ஜனங்க பயந்துடக் கூடாதுன்னு மேலேருந்து அப்படிப் போடச் சொன்னாங்க.”

“அப்பம் நீங்களும் கொஞ்சம் தள்ளித்தான் சொல்லியிருக்கிய.”

டாக்டர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஸ்ராங்குகள் எல்லாரையும் கூப்பிடச் சொன்னார்.

ஆனால் மற்றவன் காதில் விழும்படி உண்மையான பாயிண்டைச் சொல்ல இருபத்தாறு பேரில் ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் மளிகைச் சாமான் வைக்கும் அறையைக் காலி செய்து, குறுக்கே ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். போர்வைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கணினியோடு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெளியே வரிசை நீண்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போன மூன்றாவது ஆள், கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பழக்கதோஷத்தில் முழங்கால் போட்டு, “சர்வேசுரனுக்கும் உங்களுக்கும் முன்பாக” என்று தொடங்கிவிட்டாராம். அப்புறம் எல்லாரும் முழங்கால் போட்டே சொன்னார்கள், அது வசதியாகவும் இருந்தது. மதுரைக்காரரான டாக்டருக்கு இது எதற்கென்று விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் இந்த முறை தயங்கித் தயங்கிச் சொன்னதால் உண்மை என்று நம்பினார். பொய்யை அவர்கள் கடகடவென்று சொல்லியிருந்தார்கள்.

நாலு மணிக்குப் புதுப் படம் திரைக்கு வந்தது. இருபத்தாறு பேரும் கட்டுப்பாட்டு அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

கலர் புள்ளிகள் அத்தனையும் சேற்றை விட்டு ஏறி மேடுகளின் மேல் உட்கார்ந்துகொண்டன. மேடுகளை ஒட்டி வளைந்து வளைந்து ஒரு கோடு தெரிந்தது. அதுதான் குட்டித் தட்டின் விளிம்பு, டாக்டர் இத்தனை நாள் தேடியது. ஆனால் கோட்டின் நடுவில், முன்பல் விழுந்த வாய் மாதிரி, பதினைந்து மைல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம்.

டாக்டர் அதன் மேல் விரலை வைத்தார். “இங்க ஏன் யாருமே மீன் பிடிக்கல?”

“அங்க ஒண்ணுமில்ல” என்று இருபத்தாறு குரல் ஒரே நேரத்தில் சொன்னது.

ஸ்ராங்குகள் மெல்ல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் உண்மையைச் சொன்னார்கள்தான், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று இருபத்தாறு பேரும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள்.

டாக்டர் சிரித்தேவிட்டார். அவர் ஒரே நாளில் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார். “இங்கதான் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆனா பதினஞ்சு மைல்ல எங்கன்னு எனக்குத் தெரியாது. ரோபோவை அனுப்பினா பதினோரு நாள் ஆகும். நமக்கு அவ்வளவு நாள் இல்ல. யாராவது ஒருத்தர் சொல்லணும்.”

“ஊசி போட்டா அந்த இடம் என்ன ஆவும் டாக்டரே?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

இந்த முறை டாக்டர் தள்ளிச் சொல்லவில்லை. “கொஞ்ச நாளைக்குச் சூடு ஏறும். அப்புறம் கசியறது நின்னுடும். நின்னா மீன் வராது. உங்க காலத்துல வராது, உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் வராது.”

கிளீட்டஸ் திரையிலிருந்த வெற்றிடத்தையே பார்த்தார். முப்பது வருடம். கைப்பிடிச் சோற்றுக்கு வழியில்லாத மழைக்காலங்களில் அந்த ஒரு பார்தான் அவரைத் தாங்கியது. மற்ற இடமெல்லாம் கடல், அது மட்டும் அவருடைய சொந்த நிலம். சொல்லிவிட்டால் போயிற்று. வேறு யாராவது சொல்லட்டுமே என்று தோன்றியது. இருபத்தைந்து பேர் முகத்திலும் அதே யோசனை ஓடுவதைப் பார்த்தார். காலையில் பொன்னாடையைக் கழற்றாமலும் இப்படித்தான் நின்றோம் என்று நினைத்தார். கடல்சுவரை ஒட்டிய அந்த முதல் வரிசை வீட்டில், இந்த நேரத்துக்கு, ஷெர்லின் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.

“ஏழு டிகிரி பதினெட்டு மினிட்டு வடக்கு” என்றார் கிளீட்டஸ். “எழுபத்தஞ்சு டிகிரி நாலு மினிட்டு கிழக்கு. அடியில கப்பு மாதிரி ஒரு குழி உண்டு. கயிறு எறக்கினா வெதுவெதுன்னு வரும்.”

ஒரு விநாடி. அப்புறம் வீடு இடிந்து விழுந்த மாதிரி ஒரு கூச்சல்.

“லேய், அது எனக்க பாரு!”

“ஒனக்கதா? எனக்க அப்பன் கண்டுபிடிச்சதாக்கும்!”

“நான் இருபது வருசமா அங்கதான...”

ஆளுக்கு ஆள் டயரியை எடுத்தார்கள், காட்டினார்கள், பிடுங்கினார்கள். எல்லாவற்றிலும் அதே நம்பர். முப்பது வருடமாக இருபத்தாறு போட்டும் திருட்டுத்தனமாக ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. எப்போதாவது ஒன்றையொன்று கண்டுகொண்டால், மோட்டார் கெட்டு இந்தப் பக்கம் இழுத்து வந்துவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே சமாளிப்பாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த இடத்தில் மோட்டார் கெடாத போட்டே ஊரில் கிடையாது.

கிளீட்டஸ் மட்டும் கூச்சலில் சேரவில்லை. வின்சலாஸின் கையைப் பிடித்தார்.

“வே, ஓமக்கு இந்தப் பாயிண்டு எப்பம் தெரியும்?”

“எப்பமா? எனக்கு மீசை முளைச்ச நாள்லேருந்து தெரியும்.”

“ஷெர்லின் சொல்லல்லியா?”

“அவளா?” வின்சலாஸ் நிஜமாகவே திகைத்துப்போனார். “அவ எதுக்குச் சொல்லுதா? ஒரு நாளு நான் வெளையாட்டா ஓமக்க பாயிண்டக் கேட்டதுக்கு, அப்பனுக்க டயரியை இன்னைக்கு வரை நான் தொறந்ததில்லன்னு மொகத்தத் தூக்கிட்டுப் போனவளாக்கும்.”

கிளீட்டஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். பாரைப் பறிகொடுத்தபோது வராத அழுகை இப்போது வந்தது. பேத்திக்கு இரண்டு பல் முளைத்ததும் அவருக்குத் தெரியாது, முதல் அடி வைத்ததும் தெரியாது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக இரண்டு வருடத்தைக் கடலில் கொட்டியாயிற்று.

வின்சலாஸுக்குக் கணக்கு இப்போதுதான் விளங்கியது. “இதுக்காகவா வே சாப்பிடாமப் போனீரு?” என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கோபம் இல்லை.

டாக்டர் மேசையைத் தட்டினார். ஊசி இறங்குமுன் உத்தரவில் இடத்தின் பெயரை எழுதவேண்டும், அது விதி. “இந்த இடத்துக்கு என்ன பேரு?”

ஸ்ராங்குகள் தங்கள் பாருக்கு வீட்டுப் பெண்கள் பெயரைத்தான் வைப்பார்கள். முதலில் ஒருவர், “மரிய புஷ்பம்” என்றார். அடுத்தவர், “இல்ல, ரோஸ்லெட்” என்றார். வின்சலாஸ், “வெரோணிக்காள்” என்றார். சண்டை வரும் போலிருந்தது. டாக்டர், “எல்லாத்தையும் எழுதறேன், ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றார். சொல்லச் சொல்ல, கூட்டத்தில் வயதான ஒருவர், தூக்கக் கலக்கமோ பழக்கமோ, கோயிலில் புனிதர்களின் பெயரைச் சொல்லும்போது சொல்வது போல, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பெயருக்கு நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அதற்கடுத்த பெயருக்கு அறை முழுவதும் சொன்னது.

கடைசியாகக் கிளீட்டஸ் சொன்னார். “ஷெர்லின். அவ பிறந்த வருசம் வச்ச பேரு.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று வின்சலாஸ் தனியாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஐந்தரை மணிக்குக் கப்பல் புது இடத்துக்கு வந்து நின்றது. ஊசி இறங்கியது. எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. மேசை மேலிருந்த சாயாகூட அசையவில்லை. கால் மணி கழித்து டாக்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கி, “நகருது. ஒரு நாளைக்கு முக்கால் நெல்மணி வேகம்” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சேற்றுக் கட்டுரை தப்பு என்று தானே எழுதப்போவதாகவும், அதில் முதல் பெயராகக் கிளீட்டஸ் பெயரைப் போடப்போவதாகவும் சொன்னார். கிளீட்டஸ் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

“டாக்டரே, ஊருக்கு ஒரு போன் பேசணும்.”

கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அடிக்காத நம்பர், ஆனால் விரல் மறக்கவில்லை. நாலாவது மணியில் எடுத்தாள்.

“அப்பாவா?” குரலில் பயம் இருந்தது. “என்னப்பா, கடல்ல எதுவும் ஆயிட்டா?”

மன்னிப்புக் கேட்பது எப்படியென்று கிளீட்டஸுக்குத் தெரியாது. மாதாத்துறையில் ஸ்ராங்குகள் அதைப் படித்ததில்லை.

“ஒண்ணும் ஆவல்ல. பேனா இருக்கா? ஒரு பாயிண்டு சொல்லுதேன், எழுதிக்கோ மக்களே.”

“எனக்கு எதுக்குப்பா பாயிண்டு?”

“எழுது.”

அவர் நிதானமாகச் சொன்னார். ஏழு டிகிரி பதினெட்டு, எழுபத்தைந்து டிகிரி நாலு. அவள் எழுதித் திருப்பிப் படித்துக் காட்டினாள். அவளும் ஒரு ஸ்ராங்கின் மகள், இன்னொரு ஸ்ராங்கின் மருமகள். அதனால் அடுத்து என்ன கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“செரிப்பா. வீட்டுப் பக்கம் எத்தற மினிட்டு தள்ளிச் சொல்லியிருக்கிய? நான் எத்தற கழிக்கணும்?”

“ஒண்ணும் கழிக்கண்டாம் மக்களே” என்றார் கிளீட்டஸ். “இது நேர் பாயிண்டாக்கும்.”

அவள் அந்த நம்பரை முதலிலிருந்து இன்னொரு தடவை, மெதுவாகப் படித்தாள். அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.